பல பின்னணி மாணவர்களுக்குக் கல்லூரி ஆலோசனை: முதல் படிவத்திலிருந்து கடைசி அமர்வு வரை

கல்லூரி ஆலோசகரிடம் ஒரே வாரத்தில் நான்கு மாணவர்கள் வருகிறார்கள். ஒருவர் தன் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர். இன்னொருவர் வேறு நாட்டிலிருந்து மாணவர் விசாவில் வந்தவர். மூன்றாமவர் மதப்பற்று மிகுந்த வீட்டில் வளர்ந்து, இப்போது நம்பிக்கை தளர்ந்து நிற்பவர். நான்காமவருக்குக் காது கேட்காது. சைகை மொழிதான் அவருடைய முதல் மொழி. நால்வரும் சொல்வது ஒன்றே: "படிப்பில் மனசு நிற்கவில்லை."

இந்த இடத்தில் பலர் தேடுவது ஒரு பட்டியலை. இந்த இனத்தவர் மனம்விட்டுப் பேசமாட்டார்கள், இந்த மதத்துப் பெண்கள் ஆண் ஆலோசகரிடம் வரமாட்டார்கள், இந்த நாட்டுக்காரர்கள் கண்ணைப் பார்க்கமாட்டார்கள் என்ற மாதிரி. பயிற்சி வகுப்புகளிலும் இப்படிப்பட்ட பட்டியல்கள் கொடுக்கப்படுவதுண்டு. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் பட்டியலுக்குப் பொருந்தாதவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். பொருந்தினாலும், தன்னை ஒரு மாதிரிப் பொருளாக நடத்துகிறார்கள் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். 1998-இல் மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 'பண்பாட்டுப் பணிவு' என்ற கருத்தை முன்வைத்தார்கள். பிறர் பண்பாட்டைப் படித்து முடித்துத் தேறிவிட முடியாது, வாழ்நாள் முழுக்கத் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, எதிரே இருப்பவரிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

கேட்பது என்று சொல்வது சுலபம். எதை, எப்போது, எந்த வார்த்தையில் கேட்பது, வந்த பதிலை வைத்து என்ன செய்வது என்பதில்தான் வேலை இருக்கிறது. கல்லூரிகளில் முழுநேர ஆலோசகராக இருப்பவர்களுக்கும், வகுப்பு எடுத்துக்கொண்டே மாணவர் வழிகாட்டியாகவும் இருக்கும் ஆசிரியர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் உங்களைப் பாருங்கள்

உளவியலாளர் பமேலா ஹேஸ் வகுத்த சட்டகம் ஒன்று இதற்கு உதவும். வயதும் தலைமுறையும், பிறவியிலோ பின்னாலோ வந்த ஊனம், மதம், இனம், பொருளாதார நிலை, பாலியல் நாட்டம், பூர்வகுடி மரபு, பிறந்த நாடு, பாலினம் ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் நிலையை எழுதி, எதிலெல்லாம் நீங்கள் சமூகத்தில் வசதியான பக்கம் இருக்கிறீர்கள் என்று குறியிடுங்கள்.

குறியிட்ட இடங்களில்தான் நமக்குக் கண் தெரியாது. பணத்துக்கு அல்லாடாமல் படித்த ஒருவருக்கு, பாடப்புத்தகம் வாங்காத மாணவர் 'அக்கறை இல்லாதவர்' என்று தோன்றும். படிக்கட்டு ஏற முடிந்தவருக்கு ஆலோசனை அறை இரண்டாம் மாடியில் இருப்பது ஒரு விஷயமாகவே படாது. தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு மாணவரிடம் காரணமில்லாமல் எரிச்சல் வரும்போது எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதில் எங்கேயாவது இருக்கும்.

படி 2: படிவம், கதவு, நேரம்

மாணவர் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் படிவத்தைப் பார்த்துவிடுகிறார். 'தந்தை பெயர்' என்று கட்டாயக் கட்டம் இருந்தால், தந்தை இல்லாதவரும் தந்தையிடமிருந்து தப்பி வந்தவரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். 'குடும்பப் பெயர்' கட்டாயம் என்றால், அப்படி ஒன்றே இல்லாத பெயர்முறையில் வந்தவர் ஏதோ ஒன்றை இட்டு நிரப்புவார். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: "உங்களை எப்படி அழைக்க வேண்டும்?", "அவசரத்தில் யாரைக் கூப்பிடலாம்? யாரைக் கூப்பிடக் கூடாது?" இந்த இரண்டாவது கேள்வியின் பின்பாதியைப் பல கல்லூரிகள் கேட்பதே இல்லை. பின்னால் எவ்வளவு சிக்கல் அதனால் தவிர்க்கப்படுகிறது என்பது கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுப் பக்கத்தில் உங்கள் மொழியில் குறித்துக்கொள்ளுங்கள். "கஷ்டமான பேரா இருக்கே" என்று சிரிக்க வேண்டாம். அவர் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவராக இருப்பார்.

அப்புறம் நேரம். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை மட்டும் திறந்திருக்கும் மையத்துக்கு, பகுதிநேர வேலை பார்த்துப் படிப்பவர் வரவே முடியாது. வாரத்தில் ஒரு மாலையாவது திறந்து வையுங்கள். முன்பதிவில்லாமல் பதினைந்து நிமிடம் வந்து பேசிவிட்டுப் போகும் ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது. மனநலத்துக்காக ஆலோசகரைப் பார்ப்பது வெட்கம் என்று வளர்ந்தவர்கள், "தேர்வு பற்றிச் சும்மா ஒரு சந்தேகம்" என்றுதான் முதலில் வருவார்கள். அந்தச் சாக்கு அவர்களுக்குத் தேவை, பறித்துவிடாதீர்கள்.

படி 3: ரகசியம் என்றால் என்னவென்று விலாவாரியாகச் சொல்லுங்கள்

"இங்கே பேசுவது ரகசியமாக இருக்கும்" என்ற ஒற்றை வரி போதாது. அதிகாரிகளிடம் சொன்னது தனக்கே எதிராகத் திரும்பிய அனுபவம் உள்ள குடும்பத்திலிருந்து வந்தவருக்கு அந்த வரியில் ஒன்றுமே இல்லை. அவர் மனதில் ஓடும் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள். ஏறத்தாழ இப்படி:

"நீங்க இங்கே வந்ததே உங்க துறைக்குத் தெரியாது. மதிப்பெண், வருகைப் பதிவு, உதவித்தொகை எதையும் இது தொடாது. வீட்டிலிருந்து யாராவது போன் செய்து கேட்டால், நீங்க வந்தீங்களா இல்லையான்னுகூடச் சொல்ல மாட்டேன். நான் எழுதும் குறிப்பை இன்னார் மட்டும் பார்க்க முடியும். மூன்று சமயத்தில் மட்டும் நான் வெளியே பேச வேண்டி வரலாம்: உங்க உயிருக்கு ஆபத்துன்னா, உங்களால் இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா, ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்குதுன்னா. அப்பவும் முடிந்தவரை முதலில் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

சொல்வதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் கல்லூரி விதியையும் சரிபார்த்து, இதில் எதை உண்மையிலேயே உங்களால் காப்பாற்ற முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள். முடியாததை வாக்குக் கொடுப்பதைவிட, "இதை நான் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. விசாவில் இருப்பவர்களிடம் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சேருங்கள்: ஆலோசனைக்கு வந்ததனால் விசாவுக்குப் பாதிப்பு உண்டா, இல்லையா. அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

ஆன்லைன் அமர்வாக இருந்தால், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஆம்-இல்லை என்ற பதிலில் முடியும்படி கேளுங்கள். பாதியில் யாராவது அறைக்குள் வந்தால் எந்த வார்த்தையைச் சொல்லிப் பேச்சை மாற்றுவது என்றும் ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பிரச்சினைக்கு மாணவர் வைத்திருக்கும் விளக்கத்தைக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன், 1970களின் இறுதியில் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, நோயாளியிடம் கேட்க வேண்டிய எளிய கேள்விகளை வகுத்தார். உங்களுக்கு வந்திருப்பதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் அந்தச் சமயத்தில் ஆரம்பித்தது? எதைக் கண்டு அதிகம் பயப்படுகிறீர்கள்? என்ன உதவி கிடைத்தால் நல்லது? 2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டில், இதே தடத்தில் வந்த 16 கேள்விகள் கொண்ட 'பண்பாட்டு நேர்காணல்' சேர்க்கப்பட்டது. அதில் என்னை மிகவும் கவர்ந்த கேள்வி, இதைக் குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ எப்படிச் சொல்வீர்கள் என்பது. நடைமுறையில் அது எப்படிப் போகும் என்று பாருங்கள். இது நான் கற்பனையாக அமைத்த உரையாடல்:

"இதை வீட்டில் சொல்றதா இருந்தா எப்படிச் சொல்வீங்க?"

"சொல்ல மாட்டேன் மேடம்."

"சரி. சொல்லியே ஆகணும்னு வந்தா?"

"...உடம்பு சரியில்லைன்னு சொல்வேன். நெஞ்சு பாரமா இருக்குன்னு. அம்மாவுக்கு அது புரியும்."

"அம்மா என்ன காரணம் சொல்வாங்க?"

"பிரார்த்தனை பண்றதை விட்டுட்டேல்ல, அதான்னு சொல்வாங்க."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"பாதி அப்படித்தான்னு தோணுது. பாதி... ரெண்டாவது செமஸ்டர் ரிசல்ட்டுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சது."

இந்தச் சின்னப் பேச்சிலேயே நிறைய வந்துவிட்டது. அவர் துன்பத்துக்கு அவருடைய சொல் 'நெஞ்சு பாரம்'. அதை 'மனச்சோர்வு' என்று அந்த நிமிடமே மாற்றிப் பெயர் வைக்க வேண்டாம், "இந்த வாரம் பாரம் எப்படி இருந்தது?" என்றே கேட்டுப் போங்கள். உடல் வலியாகச் சொல்வதை 'உண்மையான பிரச்சினையை மறைக்கும் திரை' என்று பார்ப்பதும் தப்பு. நெஞ்சு உண்மையாகவே பாரமாக இருக்கிறது. மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொல்லிவிட்டு, மேலே பேசுங்கள்.

அடுத்தது, அவருக்குள் இரண்டு விளக்கங்கள் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஒன்று நம்பிக்கை சார்ந்தது, இன்னொன்று தேர்வு முடிவு சார்ந்தது. அறிவியல் பக்கம் நிற்கிறோம் என்று நினைத்து நாம் இரண்டாவதைப் பிடித்து இழுத்தால், முதலாவதைப் பற்றி அவர் இனி வாயைத் திறக்க மாட்டார். இரண்டையும் மேசையில் வைத்துப் பேசலாம்: "பிரார்த்தனையை நிறுத்தினது எப்போ? ரிசல்ட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" அந்தப் பதிலில் தோல்விக்கு அப்புறம் கடவுளை எதிர்கொள்ள வெட்கப்பட்டது தெரியவரலாம். அல்லது நம்பிக்கை போனதால் படிப்பின் மீதே பிடிப்பு விட்டுப்போனதும் வரலாம். சிகிச்சை இரண்டுக்கும் வேறு வேறு.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. பெனிஷ், குவின்டானா, வாம்போல்ட் ஆகியோர் 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றிய சிகிச்சைகள் மாற்றாதவற்றைவிட ஓரளவு நன்றாகவே வேலை செய்தன. அந்த மாற்றங்களிலும், நோய்க்கான விளக்கத்தைச் சிகிச்சை பெறுபவர்களின் நம்பிக்கையோடு பொருந்தும்படி அமைத்ததுதான் வித்தியாசத்தை உண்டாக்கியதாகத் தெரிந்தது. அறைச் சுவரில் பல நாட்டுப் படங்களை மாட்டுவதைவிட இந்த ஒரு கேள்விக்கு நேரம் ஒதுக்குவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. கேட்பது அவருடைய விளக்கத்தை. அவருடைய மதத்தையோ நாட்டையோ பற்றிய பாடத்தை அல்ல. "உங்க ஊர்ல இதெல்லாம் எப்படி?" என்று ஆர்வத்தில் கேட்டுக்கொண்டே போனால், உதவி தேடி வந்தவர் உங்களுக்கு வகுப்பெடுத்துவிட்டுப் போவார். பொதுத் தகவலை அமர்வுக்கு வெளியே படித்துக்கொள்ளுங்கள்.

படி 5: வீட்டையும் வரைபடத்தில் கொண்டுவாருங்கள்

மூன்று தலைமுறை உறவுகளை வரைந்து பார்க்கும் குடும்ப வரைபடம் இங்கே நல்ல கருவி. வரையும்போது யார் யாருக்கு என்ன உறவு என்பதோடு இவற்றையும் கேளுங்கள்: படிப்பைத் தேர்ந்தெடுத்தது யார்? கட்டணம் கட்டுவது யார்? இவர் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாரா? முக்கிய முடிவை மாற்ற வேண்டுமென்றால் யார் சம்மதிக்க வேண்டும்? வீட்டுக்கு வெளியே பெற்றோருக்குச் சமமான ஆள் யாராவது உண்டா?

நவீன ஆலோசனை முறைகள் பலவற்றின் அடியில், தனிமனிதன் தன் முடிவைத் தானே எடுப்பதுதான் ஆரோக்கியம் என்ற நம்பிக்கை ஓடுகிறது. அது ஒரு பண்பாட்டின் நம்பிக்கை. தம்பியின் படிப்புச் செலவுக்காக வாரக்கடைசியில் வேலை செய்யும் மாணவியிடம், "உங்களுக்காக வாழுங்க, எல்லைக்கோடு போடுங்க" என்றால் அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த முறை வரமாட்டார். "தம்பிக்கும் செய்யணும், நீங்களும் பாஸ் ஆகணும். எது எவ்வளவு முடியும்னு பார்ப்போமா?" என்று கேட்டால் பேச்சு நகரும். நிக்கோல் ஸ்டீவன்ஸும் சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதே இழுபறியைத்தான் காட்டியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 'நீயே வழி தேடு' என்ற சுயசார்பை எதிர்பார்க்கின்றன. ஒருவரையொருவர் சார்ந்து வாழும் சூழலிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு அந்த எதிர்பார்ப்பே ஒரு சுமையாகிவிடுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. குடும்பம் என்றாலே அரவணைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. விருப்பமில்லாத திருமணத்துக்கு நெருக்குவது, அடிப்பது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது எல்லாம் கொடுமைதான். "அவங்க கலாச்சாரம் அப்படி" என்று ஒதுங்கினால் அது மாணவரைக் கைவிடுவது.

வெளிநாட்டு மாணவர்கள் பற்றி ஒரு சின்ன விஷயம். புது நாட்டில் முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, அப்புறம் தேறுதல் என்ற வளைகோடு 1955-இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவில் இருந்து திரும்பிய நார்வேக்காரர்களிடம் கண்டது. கேட்க நன்றாக இருக்கும். பின்னால் வந்த ஆய்வுகளில் பல அதை ஆதரிக்கவில்லை. வந்து இறங்கிய முதல் வாரங்களே மிகக் கடினமாக இருந்தவர்கள் நிறைய. ஆகவே "இது ஒரு கட்டம், தானா சரியாகும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உளவியலாளர் ஜான் பெர்ரி சொல்லும் இரட்டைக் கேள்வி இதைவிடப் பயன்படும்: பழைய பண்பாட்டை எவ்வளவு வைத்துக்கொள்ள ஆசை, புதிய சமூகத்தோடு எவ்வளவு கலக்க ஆசை? இரண்டிலும் கதவு மூடியிருப்பதாக உணரும் மாணவர்மீது கூடுதல் கவனம் வையுங்கள்.

படி 6: உங்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே எடுங்கள்

இனமோ மதமோ வர்க்கமோ வேறாக இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பேசலாமா என்பது மாணவருக்குத் தெரியாது. நார்மா டே-வைன்ஸும் சக ஆய்வாளர்களும் 2007-இல் எழுதியதுபோல, பேச்சைத் தொடங்கும் பொறுப்பு ஆலோசகருடையது. முதல் இரண்டு அமர்வுக்குள் ஒருமுறை, லேசாக: "நான் வளர்ந்த சூழல் வேற, உங்களது வேற. நான் எதையாவது புரிஞ்சுக்காம விட்டா சொல்லுங்க. இந்த வித்தியாசம் உங்களுக்கு எப்படி இருக்கு?" அவர் "ஒண்ணுமில்லை" என்றால் விட்டுவிடுங்கள். கதவு திறந்திருப்பது அவருக்குத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு வாரமும் அதையே கிளறுவது, கேட்காமல் விடுவதைவிட மோசம்.

ஒரே பின்னணி ஆலோசகர்தான் வேண்டும் என்றும் நாமாக முடிவு செய்யக் கூடாது. சின்னச் சமூகத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். 'நம்ம ஆள்' என்பதாலேயே ஊருக்குள் பேச்சுப் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கேட்டுவிட்டு ஒதுக்குங்கள்.

படி 7: வினாத்தாள் மதிப்பெண்ணைத் தனியாக நம்பாதீர்கள்

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 பல கல்லூரிகளில் புழங்குகிறது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10-ஓ அதற்கு மேலோ வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. அந்த எல்லைக்கோடு எல்லா மொழிக்கும் எல்லாச் சமூகத்துக்கும் ஒரே இடத்தில் விழும் என்று சொல்ல முடியாது. மாணவரின் மொழியில் சரிபார்க்கப்பட்ட பதிப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அலுவலகத்தில் யாரோ அவசரத்துக்கு மொழிபெயர்த்ததைக் கொடுக்காதீர்கள். முறையான மொழிபெயர்ப்பில், ஒருவர் பெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மூல மொழிக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவது என்பது ஒரு அடிப்படைச் சோதனை.

தாளை நிரப்பியதும், அதிக மதிப்பெண் போட்ட இரண்டு கேள்விகளை எடுத்து "இதுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க" என்று கேளுங்கள். நோன்பிருக்கும் மாதத்தில் பசியும் தூக்கமும் மாறியிருப்பது, இரவுப்பணி பார்ப்பவரின் களைப்பு எல்லாம் அப்போதுதான் தெரியும். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றே பேசியாக வேண்டும்.

படி 8: முதல் அமர்விலேயே கையில் ஏதாவது கொடுங்கள்

1977-இல் உளவியலாளர் ஸ்டான்லி சூ வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்க வேண்டியது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 17 மனநல மையங்களின் பதிவுகளைப் பார்த்தார். சிறுபான்மை இனத்தவரில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் அமர்வுக்குப் பின் திரும்பி வரவில்லை. வெள்ளையரில் அது 30 சதவீதம் அளவில் இருந்தது. பத்து ஆண்டு கழித்து அவரும் நோலன் ஸேனும் சேர்ந்து ஒரு பதில் சொன்னார்கள்: வருபவருக்கு முதல் சந்திப்பிலேயே நேரடிப் பலன் ஒன்று கிடைக்க வேண்டும். பட்டமும் பதவியும் தரும் மதிப்பு ஆளை ஒருமுறை வரவழைக்கலாம். திரும்ப வரவைப்பது, நீங்கள் செய்து காட்டுவதில் வரும் மதிப்பு.

அந்தப் பலன் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. தூங்குவதற்கு இன்றிரவே செய்து பார்க்க ஒரு வழி. பாடத்தை எந்தத் தேதிக்குள் கைவிட்டால் மதிப்பெண் பட்டியலில் ஏறாது என்ற விதியின் விளக்கம். ஆசிரியருக்கு அவகாசம் கேட்டு எழுதும் மின்னஞ்சலை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவது. முதல் தலைமுறை மாணவர்கள் பலருக்கு அவகாசம் கேட்கலாம் என்பதே தெரியாது. கேட்பது அவமரியாதை என்று நினைத்துக்கொண்டு தேர்வில் கோட்டை விடுகிறார்கள்.

சில சமயம் பிரச்சினை மாணவரின் மனதில் இருக்காது. விடுதியில் ஒருவருடைய உச்சரிப்பைத் தினம் கேலி செய்கிறார்கள், ஆய்வகத்தில் சக்கர நாற்காலி நுழையவில்லை, வழிபாட்டு நாளில் தேர்வு வைக்கிறார்கள். இதற்கெல்லாம் மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. 2015-இல் அமெரிக்க ஆலோசகர் அமைப்பு ஏற்ற பல்பண்பாட்டு, சமூகநீதித் திறன் வரையறை, நிறுவனத்திடம் பேசுவதையும் ஆலோசகர் வேலையாகவே வைத்திருக்கிறது. மாணவர் அனுமதியோடு துறைத் தலைவரிடம் பேசுங்கள், புகார் செய்யும் வழியைக் காட்டுங்கள், பெயர் குறிப்பிடாமல் நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.

படி 9: மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால்

அறைத்தோழரையோ உறவினரையோ வைத்து ஒப்பேற்றாதீர்கள். அவர் முன்னால் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் மாணவர் வந்திருப்பார். பயிற்சி பெற்றவரை ஏற்பாடு செய்து, அமர்வுக்கு முன் ஐந்து நிமிடம் அவரிடம் பேசுங்கள்: ரகசியம், கடினமான சொற்கள், சுருக்காமல் பெயர்ப்பது. மூவரும் முக்கோணமாக உட்காருங்கள். பேசும்போது மாணவரைப் பார்த்து "நீங்க" என்று பேசுங்கள். "அவர்கிட்ட கேளுங்க" என்று மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பாதீர்கள். சைகை மொழிக்கும் இதுவே. ஒரு மணி நேர அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

படி 10: உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கணக்கின்படி, 15 முதல் 29 வயதுக்காரர்களின் இறப்புக் காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருக்கிறது. நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

பண்பாடு குறுக்கே வருவது பதிலில்தான். தற்கொலை பாவம் என்று வளர்ந்தவர் "இல்லவே இல்லை" என்பார், "தூங்கி எழுந்திருக்காமப் போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுதா?", "நான் இல்லேன்னா வீட்டுக்குச் சுமை குறையும்னு நினைச்சதுண்டா?" என்று கேட்டால் தலையசைப்பார். அப்படி அசைத்தால், திட்டம் உண்டா, கைக்கெட்டும் வழி உண்டா என்று தெளிவாகவே தொடர வேண்டும்.

பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் வகுத்த பாதுகாப்புத் திட்டம் ஆறு படிகள் கொண்ட ஒரு பக்கத் தாள். எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்யக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், தொழில்முறை உதவி, ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்துவது. மாணவர் கையெழுத்தில், மாணவர் மொழியில் எழுதவையுங்கள். உதவிக்கு யார் என்ற இடத்தில் பெற்றோர் பெயரை நாமாக நிரப்பக் கூடாது. தன் பாலியல் நாட்டம் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்பதே காரணமாக இருக்கும்போது, வீட்டுக்கு அடிக்கும் போன் ஆபத்தைக் கூட்டும். படி 2-இல் சொன்ன 'யாரைக் கூப்பிடக் கூடாது' என்ற கட்டத்தை இப்போது பாருங்கள்.

ஆபத்து உடனடியானது என்றால் மாணவரைத் தனியே விடாதீர்கள். அவசர சிகிச்சைக்குக் கூடவே போங்கள்.

படி 11: தவறிப் பேசிவிட்டால்

பேசிவிடுவீர்கள், எல்லாருக்கும் நடப்பதுதான். மாணவர் சட்டென்று பதில்களைச் சுருக்குவார், "ஆமா சார், சரி சார்" என்று மட்டும் சொல்வார், கடிகாரத்தைப் பார்ப்பார். அங்கேயே நிறுத்தி, "இப்போ நான் சொன்னது சரியில்லைன்னு நினைக்கிறேன். உங்க அப்பாவைக் குறை சொன்ன மாதிரி ஆயிடுச்சு. மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு விஷயத்துக்குத் திரும்புங்கள். நீளமாக மன்னிப்புக் கேட்டால், அப்புறம் அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

படி 12: வராதவர்களை எண்ணுங்கள்

பருவத்துக்கு ஒருமுறை பெயரில்லாத கணக்கு ஒன்று போடுங்கள். கல்லூரியில் எந்தப் பிரிவு மாணவர்கள் எத்தனை சதவீதம், ஆலோசனைக்கு வருவோரில் எத்தனை சதவீதம், முதல் அமர்வோடு நின்றவர்களில் எத்தனை சதவீதம். மூன்றுக்கும் இடையே இடைவெளி பெரிதாக இருக்கும் பிரிவில், மாணவர் அமைப்பிடமோ அவர்கள் நம்பும் ஆசிரியரிடமோ மதத் தலைவரிடமோ போய்க் காரணம் கேளுங்கள். எண்ணிக்கை மிகச் சிறிதாக இருக்கும் பிரிவுகளை வெளியிடும் அறிக்கையில் தனியாகக் காட்டாதீர்கள்; நான்கே பேர் இருக்கும் பிரிவில் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஆலோசனைக்கே வராதவர்களைக் குழு நிகழ்ச்சிகள் எட்டும். கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-இல் வெளியிட்ட சோதனையில், 'இங்கே எனக்கு இடமில்லையோ' என்ற கவலை புதிதாகச் சேர்ந்த பலருக்கும் வருவதுதான், நாளடைவில் குறைந்துவிடும் என்று மூத்த மாணவர்களின் அனுபவங்கள் வழியாக முதலாண்டு மாணவர்களுக்குக் காட்டினார்கள். மொத்தமே ஒரு மணி நேரம். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்ணில் அதன் பலன் மூன்று ஆண்டுகள் வரை தெரிந்தது. இதைச் செய்து பார்க்க விரும்பினால், மேடையில் பேச வெற்றி பெற்றவர்களை மட்டும் தேடாதீர்கள். முதல் பருவத்தில் இரண்டு பாடம் தவறி, யாரிடம் போய்க் கேட்டு எப்படி மீண்டும் எழுதித் தேறினேன் என்று தேதியோடு சொல்லக்கூடிய மூன்றாமாண்டு மாணவர்கள் இருவர் போதும். அவர்கள் பேசி முடித்ததும் உங்கள் அறை எங்கே இருக்கிறது, எந்த மாலை திறந்திருக்கும் என்பதை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.